நாற்பதில் தெரிவது, பதினைந்தில் தொடங்கியது

குடிநோயாளி என்றதும் நம் மனத்தில் எழுகிற உருவம் நடுத்தர வயதுக்காரருடையது. மஞ்சள் பூத்த கண், நடுங்கும் கை, உப்பிய வயிறு, அடகுக்கடைக்குப் போன தாலி. மறுவாழ்வு மையங்களில் படுத்திருப்பவர்களும் பெரும்பாலும் முப்பதைத் தாண்டியவர்களே. அதனால் இது வயது ஏற ஏற, கவலைகள் கூடக் கூட வந்து ஒட்டிக்கொள்ளும் நோய் என்று நினைத்துவிடுகிறோம். நோய் எப்போது தொடங்கியது என்று விசாரித்த ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. அமெரிக்காவில் 2001–02இல் 43,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த தேசியக் கணக்கெடுப்பை ரால்ஃப் ஹிங்சன் குழுவினர் 2006இல் அலசினார்கள். வாழ்வில் எப்போதாவது குடிநோய்க்கு ஆளானவர்களில் 47 விழுக்காட்டினருக்கு அது 21 வயதுக்குள்ளேயே வந்திருந்தது. மூன்றில் இரண்டு பங்கினருக்கு 25 வயதுக்குள் வந்திருந்தது.

மருத்துவரிடம் வருகிற வயது வேறு, நோய் பிடிக்கிற வயது வேறு. நடுவில் பத்து இருபது ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கழிந்துவிடுகின்றன. இந்தக் கட்டுரை அந்தக் காலத்தின் தொடக்கத்தைப் பார்க்கிறது. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளையிடம் குடி எப்படி வந்து சேர்கிறது, உடலிலும் மனத்திலும் எதை மாற்றுகிறது, எந்தப் படியில் நோயாகிறது, எங்கே அதை மறிக்கலாம் என்பவையே கேள்விகள்.

கணக்கில் வருவதும் வராததும்

மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்திய போதைப்பொருள் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019இல் வெளியானது. இந்தியாவில் 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் 14.6 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 16 கோடிப் பேர் குடிப்பதாக அது கணித்தது. 10 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளை மட்டும் எடுத்தால் 1.3 விழுக்காடு. பார்வைக்குச் சிறிய எண். ஆனால் வீடு வீடாகப் போய்க் கேட்கும் கணக்கெடுப்பில், அம்மா அடுப்படியில் இருக்கும்போது, “நீ குடிப்பாயா?” என்ற கேள்விக்கு ஒரு பையன் என்ன பதில் சொல்வான்? இந்த எண்ணைக் குறைந்தபட்ச அளவாகத்தான் கொள்ள வேண்டும். உலக அளவில் 15–19 வயதினரில் நான்கில் ஒருவருக்கும் மேல், ஏறத்தாழ 15.5 கோடிப் பேர் குடிக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் மதிப்பிட்டது.

தொடங்கும் வயது இறங்கிவருகிறது என்பதற்கு இந்தியாவிலேயே சான்று இருக்கிறது. கோவாவில் 20 முதல் 49 வயது வரையிலான 1,899 ஆண்களிடம் விக்ரம் படேல் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 2014இல் வெளிவந்தது. 1956–60இல் பிறந்தவர்களில் வளரிளம் பருவத்திலேயே குடியைத் தொடங்கியவர்கள் 19.5 விழுக்காடு. 1981–85இல் பிறந்தவர்களில் 74.3 விழுக்காடு. ஒரே மாநிலம், கால் நூற்றாண்டு இடைவெளி. சீக்கிரம் தொடங்கியவர்களிடம் பிற்காலக் குடிநோயும் மனத்துயரும் விபத்துக் காயங்களும் கூடுதலாக இருந்ததையும் அந்த ஆய்வு காட்டியது. கோவாவின் மதுப் பண்பாடு வேறு, தமிழ்நாட்டினுடையது வேறு. ஆனால் முதல் கோப்பையின் வயது தலைமுறைக்குத் தலைமுறை இறங்குகிறது என்ற செய்தியை நம் ஊர் ஆசிரியர் யாரும் மறுக்கமாட்டார்.

தமிழகத்தில் பெண்களிடையே குடிப்பழக்கம் கணக்கெடுப்புகளில் மிகக் குறைவாகவே பதிவாகிறது. இங்கே இது பெரிதும் ஆண்பிள்ளைகளின் சிக்கல். ஆகையால் கட்டுரையில் ‘பையன்’ என்ற சொல்லே அதிகம் வரும். ஆனால் பெண்ணின் உடலில் நீரின் அளவு குறைவு என்பதால் அதே அளவு மது அவளைக் கூடுதலாகத் தாக்கும். தெரிந்தால் வரும் அவமானமும் அவளுக்கே அதிகம். அதனால் பெண்பிள்ளையின் சிக்கல் இன்னும் ஆழத்தில் ஒளிந்திருக்கும்.

முதல் மிடறு யார் கொடுத்தது?

முதல் மிடற்றைக் கடைக்காரர் கொடுப்பதில்லை. கோயில் கொடை இரவு, கல்யாணத்துக்கு முந்தின நாள் மண்டபத்து மாடி, துக்க வீட்டின் பின்புறம், பிறந்தநாள் ட்ரீட், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த சாயங்காலம், தேர்தல் நேரத்துப் பிரச்சார வேன் என்று ஏதோ ஒரு கொண்டாட்டம் அல்லது கூட்டம் அதைக் கொடுக்கிறது. வாங்கித் தருபவர் பெரும்பாலும் நான்கைந்து வயது மூத்த ஓர் ‘அண்ணன்’. பள்ளியை விட்டு வேலைக்குப் போன பிள்ளைக்கு இது இன்னும் சுலபம். ஒர்க்‌ஷாப்பிலும் சென்ட்ரிங் வேலையிலும் கேட்டரிங்கிலும் பதினாறு வயதுப் பையன் பெரியவர்களோடு வேலை செய்கிறான், சனிக்கிழமை அவர்களோடு கூலி வாங்குகிறான், அவர்களோடே உட்காருகிறான். உடல் வலிக்கு மருந்து என்ற பெயரில் அவனுக்கும் ஒரு ‘கட்டிங்’ வருகிறது.

நண்பர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று பெற்றோர் சொல்வது முழுப் பொய் அல்ல. ஆனால் நண்பர்கள் வற்புறுத்த வேண்டிய தேவைகூட இல்லை, பக்கத்தில் இருந்தாலே போதும். ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்கும் 2005இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. தனியாக ஆடியபோது பதின்பருவத்தினரும் பெரியவர்களும் எடுத்த துணிச்சலில் பெரிய வேறுபாடு இல்லை. நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது பதின்பருவத்தினரின் ஆபத்தான முடிவுகள் கிடுகிடுவென ஏறின. பெரியவர்களிடம் ஏறவில்லை. தனியாக இருக்கையில் நல்ல பிள்ளையாக நடப்பவன் கூட்டத்தில் வேறு ஆளாவது நடிப்பு அல்ல, அந்த வயதின் இயல்பு.

திரைக்கும் பங்கு உண்டு. நெதர்லாந்தில் ரட்கர் எங்கல்ஸ் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில் இளைஞர்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்துப் படம் காட்டினார்கள். குடிக் காட்சிகள் நிறைந்த படத்தையும் மது விளம்பரத்தையும் பார்த்தவர்கள், இரண்டும் இல்லாததைப் பார்த்தவர்களைவிடச் சராசரியாக ஒன்றரைக் கோப்பை கூடுதலாகக் குடித்தார்கள். நாயகன் காதலில் தோற்றாலும் குடி, ஜெயித்தாலும் குடி, நண்பனைப் பார்த்தாலும் குடி என்று காட்டிப் பழகிய தமிழ் சினிமாவின் கணக்கை, திரையின் ஓரத்தில் போடும் எச்சரிக்கை வாசகத்தால் சரிக்கட்டிவிட முடியாது.

வீட்டில் பெற்றோர் கண்முன்னே கொஞ்சம் கொடுத்துப் பழக்கிவிட்டால் பிள்ளை வெளியே போய்க் கெடமாட்டான் என்று சில வசதியான குடும்பங்களில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ 1,900 பிள்ளைகளை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ரிச்சர்ட் மேட்டிக் குழுவினரின் ஆய்வு 2018இல் இதற்கு விடை சொன்னது. பெற்றோர் கொடுத்த மது எந்தப் பாதுகாப்பையும் தரவில்லை. அந்தப் பிள்ளைகள் மொடாக்குடிக்கும் குடிசார்ந்த தீங்குகளுக்கும் கூடுதலாகவே ஆளானார்கள். வெளியே தேடிப்போவதும் குறையவில்லை.

எச்சரிக்கை மணி அடிக்காத வயது

மது மூளைக்குள் இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்கிறது. நரம்புகளை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையைக் கூட்டுகிறது, கிளர்ச்சியூட்டும் குளூட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. பதற்றமும் கூச்சமும் தளர்வது இதனால்தான். கூடவே மூளையின் ஊக்க மையத்தில் டோபமின் சுரக்கிறது. ‘இது நல்லது, மறுபடி செய்’ என்று உணவுக்கும் நட்புக்கும் காதலுக்கும் மூளை இடும் அதே குறியை மதுவுக்கும் இட்டுவிடுகிறது.

பதின்பருவத்தில் இந்த ஊக்க மையம் முழு வேகத்தில் இயங்குகிறது. பின்விளைவை யோசித்து ‘வேண்டாம்’ என்று சொல்லும் நெற்றிப்புற மூளையோ இருபதுகளின் நடுவில்தான் முழுவளர்ச்சி அடைகிறது. ஆசை முந்தி வந்துவிடுகிறது, நிதானம் பிந்தி வருகிறது. இது பலரும் அறிந்த செய்தி. அதிகம் பேசப்படாதது இன்னொன்று. வளரும் எலிகளையும் வளர்ந்த எலிகளையும் ஒப்பிட்ட லிண்டா ஸ்பியர் போன்றவர்களின் ஆய்வுகளில், மதுவால் வரும் தூக்கமும் தள்ளாட்டமும் வளரும் எலிகளுக்குக் குறைவாகவே வந்தன. கூட்டத்தோடு கலகலப்பாக இருக்கும் ஊக்கம் அவற்றுக்குக் கூடியது. நினைவுத்திறனோ அவற்றுக்குத்தான் எளிதாகக் கெட்டது. ‘போதும்’ என்று உடல் நிறுத்தச் சொல்லும் குறிகள் அந்த வயதில் மங்கலாக இருக்கின்றன, ‘இன்னும்’ என்று இழுக்கும் குறிகள் உரக்க இருக்கின்றன, சேதமோ சத்தமில்லாமல் நடக்கிறது. மனிதப் பிள்ளைகளிடம் இத்தகைய சோதனையை அறம் அனுமதிக்காது. ஆனால் பையன்கள் நான்கு மணி நேரம் உட்கார்ந்து குடித்தும் ‘ஸ்டெடியா இருக்கேன்’ என்று சொல்வதற்கான காரணத்தை இங்கே தேடலாம்.

அமெரிக்காவில் 2012இல் தொடங்கிய என்கண்டா ஆய்வுக் கூட்டமைப்பு 12 முதல் 21 வயது வரையிலான 800க்கும் மேற்பட்டோரின் மூளையை ஆண்டுதோறும் ஸ்கேன் செய்து பார்க்கிறது. கடுமையாகக் குடிக்கத் தொடங்கியவர்களின் நெற்றிப்புற மூளையில் சாம்பல்நிறத் திசு, வயதுக்கு ஏற்ற வேகத்தைவிட விரைவாகக் குறைவதை 2018இல் அவர்கள் வெளியிட்டார்கள். தடுத்து நிறுத்த வேண்டிய பகுதியே முதலில் அடிபடுகிறது. குடியைக் கட்டுப்படுத்தும் திறனைக் குடியே கரைக்கும்போது பழக்கம் நோயாவது விரைகிறது.

ஒரு குவார்ட்டர் என்பது எவ்வளவு?

‘எப்போதாவதுதான் குடிப்பேன், அதுவும் ஒரு குவார்ட்டர்தான்’ என்பது பையன்களிடம் கேட்கும் வழக்கமான வாக்கு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 180 மில்லி, அதில் ஆல்கஹால் 42.8 விழுக்காடு. தூய ஆல்கஹால் ஏறத்தாழ 77 மில்லி, எடையில் சுமார் 61 கிராம். ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ குடித்தால் உலக சுகாதார நிறுவனம் அதை மொடாக்குடி என்று வகைப்படுத்துகிறது. அதாவது நம் ஊரின் மிகச் சாதாரணமான அளவே அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறது. இரண்டு பேர் பங்கிடும் கட்டிங்கில் 30 கிராம். 650 மில்லி பீர் பாட்டில் 5 விழுக்காடாக இருந்தால் சுமார் 26 கிராம், ஸ்ட்ராங் பீரானால் அதற்கும் மேல்.

பதின்பருவக் குடிக்கு இன்னொரு குணம் உண்டு. நிதானமாக உட்கார இடமில்லை. கருவேலங்காட்டு ஓரம், பாதி கட்டிய கட்டடம், கிரிக்கெட் மைதானத்து இருட்டு. யாரும் பார்ப்பதற்குள் முடிக்க வேண்டும். எனவே தண்ணீர் குறைவு, வேகம் அதிகம், வயிறு காலி. வாரத்துக்கு ஒருமுறைதான் குடிக்கிறான், ஆனால் குடிக்கிறபோது அளவில்லாமல் குடிக்கிறான். தினமும் குடிப்பவர்தான் குடிநோயாளி என்ற நம் இலக்கணத்துக்குள் இவன் வருவதில்லை. அதனால் தப்பிவிடுகிறான், அதாவது மாட்டிக்கொள்கிறான்.

ரத்தத்தில் வருவதும் வீட்டில் வருவதும்

‘அப்பன் குடிகாரன், பிள்ளை வேறெப்படி இருப்பான்’ என்ற ஊர்ப்பேச்சில் பாதி உண்மை உண்டு. டென்மார்க்கில் தத்துக்கொடுக்கப்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்த டொனால்ட் குட்வின் 1973இல் கண்டது இது: குடிநோயாளிகளுக்குப் பிறந்து, கைக்குழந்தையிலேயே வேறு வீட்டுக்குப் போய் வளர்ந்த மகன்களுக்கும் மற்றவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு குடிநோய் வந்தது. இரட்டையர் ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், குடிநோய்க்கான வாய்ப்பில் ஏறத்தாழ பாதி மரபணு வழி வருகிறது என்பதே இன்றைய முடிவு. மீதிப் பாதி சூழல்.

மரபு வழி வருவது என்ன? குடியாசை அப்படியே பிறப்பில் வருவதில்லை. சான் டியாகோவில் மார்க் ஷூகிட், குடிநோயாளிகளின் மகன்களை இருபது வயது வாக்கில் ஆய்வுக்கூடத்தில் மது கொடுத்துச் சோதித்தார், பத்தாண்டு கழித்து மறுபடி தேடிப்போனார். முதல் சோதனையில் மது அதிகம் ஏறாதவர்களில் 56 விழுக்காட்டினர் குடிநோயாளிகள் ஆகியிருந்தார்கள். சீக்கிரம் ஏறியவர்களில் 14 விழுக்காடுதான். 1994இல் வெளியான இந்த முடிவு நம் ஊரின் ஒரு பெருமையைத் தலைகீழாக்குகிறது. ‘எவ்வளவு அடித்தாலும் அசையமாட்டான்’ என்று நண்பர்கள் யாரைக் கொண்டாடுகிறார்களோ, அவனுக்குத்தான் ஆபத்து அதிகம். மற்றவன் வாந்தி எடுத்து நிறுத்தும் இடத்தில் இவன் அடுத்ததை ஊற்றுகிறான்.

இன்னொரு வழி சுபாவம். பெங்களூரு நிம்ஹான்ஸில் விவேக் பெனகல் குழுவினர், குடிநோய்க் குடும்பத்துப் பிள்ளைகள் குடிக்கத் தொடங்கும் முன்பே அவர்களைப் பரிசோதித்தார்கள். அவர்களுடைய மூளையின் சில பகுதிகளில் சாம்பல்நிறத் திசு குறைவாக இருப்பதையும், அது துறுதுறுப்பு, பொறுமையின்மை, அடங்காமை ஆகியவற்றோடு சேர்ந்திருப்பதையும் 2007இல் பதிவுசெய்தார்கள். வகுப்பில் ஓரிடத்தில் உட்கார முடியாமல் தினமும் அடிவாங்கும் பையனுக்கு ஒரு மருத்துவக் குறைபாடு இருக்கலாம். அதைக் கண்டறியாமல் ‘உருப்படாதவன்’ என்று வெளியே நிறுத்தினால், வெளியே நிற்பவர்களோடுதான் அவன் சேருவான்.

சூழலின் பங்கும் சிறியதல்ல. வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் 1998இல் வெளியிட்ட குழந்தைப்பருவத் துயரங்கள் பற்றிய ஆய்வில் அடி, பாலியல் கொடுமை, தாய் அடிவாங்குவதைப் பார்ப்பது, வீட்டில் குடிநோயாளி இருப்பது என்று வகை பிரித்தார்கள். நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்குப் பிற்காலத்தில் குடிநோய் வரும் வாய்ப்பு, எதுவும் அனுபவிக்காதவர்களைவிடப் பல மடங்கு கூடியிருந்தது. தமிழ்நாட்டில் குடிகாரத் தகப்பன் உள்ள வீட்டில் இந்த வகைகளில் மூன்று நான்கு ஒன்றாகவே வந்து சேரும். அப்பாவை வெறுத்துக்கொண்டே அப்பாவின் வழியில் போகும் மகனை எல்லா ஊரிலும் பார்க்கலாம். மரபணுவும் துயரமும் மட்டும் அவனுக்குக் கிடைக்கவில்லை. துயரத்துக்கு மருந்து இன்னது என்ற பாடமும் தினமும் கண்முன் நடந்திருக்கிறது.

பழக்கம் நோயாகும் படிகள்

லின் கூப்பர் 1994இல் பதின்பருவத்தினர் குடிக்கும் நோக்கங்களை நான்காக வகுத்தார். கிளர்ச்சிக்காக, கூட்டத்தின் மகிழ்ச்சிக்காக, ஒதுக்கப்படாமல் இருப்பதற்காக, மனவலியை ஆற்றுவதற்காக. முதல் மூன்றும் ஆபத்தற்றவை அல்ல. ஆனால் நான்காவது நோக்கத்துக்காகக் குடிப்பவர்களிடமே குடியால் வரும் சிக்கல்கள் அதிகம். படிகளைப் புரிந்துகொள்ள இது உதவும். முதல் படியில் நண்பர்கள் இருந்தால் குடிக்கிறான். அடுத்த படியில் குடிப்பதற்காக நண்பர்களைச் சேர்க்கிறான். அதற்கடுத்து, தோற்ற தேர்வையும் முறிந்த காதலையும் வீட்டுச் சண்டையையும் ஆற்றக் குடிக்கிறான். கடைசியில் ஆற்றுவதற்கு எதுவும் இல்லாத நாளிலும், குடிக்காததால் வரும் எரிச்சலை ஆற்றக் குடிக்கிறான்.

இந்தக் கடைசிப் படிக்கு வேதியியல் அடிப்படை உண்டு. காபாவை மது தொடர்ந்து தூண்டினால் மூளை தன் பங்கைக் குறைத்துக்கொள்கிறது. அமுக்கப்பட்ட குளூட்டமேட்டை ஈடுசெய்யக் கூட்டிக்கொள்கிறது. மது இருந்தால்தான் சமநிலை என்றாகிவிடுகிறது. இல்லாதபோது பதற்றம், தூக்கமின்மை, நடுக்கம், முற்றிய நிலையில் வலிப்பு. நடுக்கத்தையும் வலிப்பையும் பதின்பருவத்தில் பெரும்பாலும் காணமுடியாது. அவற்றுக்குப் பல ஆண்டுத் தொடர்குடி வேண்டும். அங்கேதான் குடும்பங்கள் ஏமாறுகின்றன. கை நடுங்கவில்லை, ஆகவே நோய் இல்லை என்று முடிவுகட்டுகின்றன.

அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு டி.எஸ்.எம்-5 கையேடு குடிநோய்க்குப் பதினோரு அடையாளங்களைத் தருகிறது. ஓராண்டுக்குள் இரண்டு இருந்தாலே நோயின் தொடக்கநிலை, ஆறோ அதற்கு மேலோ இருந்தால் தீவிரநிலை. பதினொன்றில் உடல் சார்ந்தவை இரண்டுதான்: அளவு கூடிக்கொண்டே போவது, நிறுத்தினால் வரும் உபாதை. மற்ற ஒன்பதும் நடத்தையில் தெரிபவை. நினைத்ததைவிட அதிகம் குடிப்பது, குறைக்க முயன்று தோற்பது, குடிக்கும் ஏக்கம், படிப்பிலும் வேலையிலும் சரிவு, உறவுகள் கெட்டும் தொடர்வது, முன்பு பிடித்த விளையாட்டைக் கைவிடுவது, போதையில் வண்டி ஓட்டுவது போன்றவை. இவற்றோடு பதின்பருவத்துக்கே உரிய சில குறிகளையும் கவனிக்கலாம். நேற்றிரவு நடந்தது நினைவில்லை என்பது, திடீரென மாறும் நண்பர் வட்டம், விளக்கமில்லாத பணச்செலவு, திங்கட்கிழமை லீவு, பூட்டிய அறை.

காரணமா, வெறும் அடையாளமா?

ஆய்வாளர்களிடையே நெடுங்கால வாதம் ஒன்று உண்டு. பிரிட்ஜெட் கிராண்டும் டெபோரா டாசனும் 1997இல் சொன்னது: 14 வயதிலோ அதற்கு முன்போ குடிக்கத் தொடங்கியவர்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பிற்காலத்தில் குடிநோயாளிகள் ஆனார்கள், 20 வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்கியவர்களில் ஏறத்தாழ 10 விழுக்காடுதான். தொடக்கத்தைத் தள்ளிப்போட்டால் நோயைத் தடுக்கலாம் என்ற கொள்கைக்கு இதுவே அடித்தளம். ஆனால் கரோல் பிரெஸ்காட்டும் கென்னத் கெண்ட்லரும் வர்ஜீனியாவின் இரட்டையர்களை ஆராய்ந்து 1999இல் மறுத்தார்கள். சீக்கிரம் தொடங்கவைக்கும் அதே சுபாவமும் மரபும்தான் நோயையும் கொண்டுவருகின்றன, சீக்கிரம் தொடங்குவது வெறும் அடையாளம் என்றார்கள்.

இதைத் தீர்க்க ஓர் இயற்கைச் சோதனை வாய்த்தது. 1984இல் கூட்டாட்சிச் சட்டம் வரும்வரை அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் குடிக்கும் வயது மாறியது. எந்த மாநிலத்தில் வளர்வது என்பதைப் பிள்ளையின் சுபாவம் முடிவுசெய்வதில்லை. கேரன் நார்பர்க் குழுவினர் 2009இல் கண்டபடி, 21க்கு முன்பே மது வாங்க அனுமதித்த சட்டத்தின் கீழ் வளர்ந்தவர்களுக்குப் பல பத்தாண்டுகள் கழித்தும் குடிநோய் கூடுதலாக இருந்தது. சுபாவத்துக்குப் பங்கு உண்டு என்ற இரட்டையர் ஆய்வு தவறில்லை. அதே சுபாவக்காரனுக்கும் மது எட்டாத தூரத்தில் இருந்தால் விளைவு மாறுகிறது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தால் கொள்கை தெளிவாகிறது: எல்லோருக்கும் தொடக்கத்தைத் தள்ளிப்போடு, ஆபத்து அதிகம் உள்ளவனைத் தேடிக் கண்டுபிடி.

கடையும் சட்டமும்

தமிழ்நாட்டில் மது வாங்கக் குறைந்தபட்ச வயது 21, கேரளத்தில் 23, பக்கத்துப் புதுச்சேரியில் 18. சிறார் நீதிச் சட்டம் 2015இன் 77ஆம் பிரிவின்படி, 18 வயதுக்குட்பட்டவருக்கு மது கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கடைக்காரருக்கு மட்டுமல்ல, வாங்கிக்கொடுக்கும் ‘அண்ணனுக்கும்’ இது பொருந்தும். சட்டத்தில் குறையில்லை, எந்தக் கடை வாசலில் யாருடைய வயதை யார் கேட்கிறார்கள் என்பதில்தான் குறை. நேரம் தாண்டிய ‘பிளாக்’ விற்பனையில் வயது என்ற கேள்விக்கே இடமில்லை.

1937இல் சேலத்தில் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு, 1971இல் தளர்ந்து, 1974இல் திரும்பி, 1981இல் மறுபடி தளர்ந்தது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமான டாஸ்மாக் ஏற்றது. 2023–24இல் மது தந்த வருவாய் ரூ.45,000 கோடியைத் தாண்டியது. 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வொரு முறையும் 500 கடைகள் மூடப்பட்டன. அதன் பின்னும் வருவாய் ஏறியது. முழு மதுவிலக்கா, கடையா என்ற பழைய பட்டிமன்றத்தில் பதினைந்து வயதுப் பிள்ளை காணாமல் போகிறான். முதல் வழி கள்ளச்சாராயத்துக்குக் கதவைத் திறக்கக்கூடும் என்ற அச்சம் உண்டு; கடைகள் திறந்திருந்தபோதே 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் உயிர்களைப் பறித்தது. ஆனால் வயது வரம்பைக் கண்டிப்பாக நடத்த மதுவிலக்கு தேவையில்லை. வயதுச் சான்று கேட்பது, மீறும் பாரின் உரிமத்தைப் பறிப்பது, பிளாக் விற்பனையை நிறுத்துவது ஆகியவை இன்றைய சட்டத்துக்குள்ளேயே செய்யக்கூடியவை.

எது பலித்தது, எது பலிக்கவில்லை

பள்ளிக்குப் போலீஸ்காரர் வந்து போதையின் தீமையைப் பேசிவிட்டுப் போகும் முறை 1983இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ‘டேர்’ என்ற பெயரில் தொடங்கி அமெரிக்கா முழுதும் பரவியது. 1990களில் அதை அளந்துபார்த்த ஆய்வுகள் பயன் ஏறக்குறைய இல்லை என்றன. உறுதிமொழி, பேரணி, ஓவியப்போட்டி என்று நம் பள்ளிகள் செய்வதும் இந்த வகைதான். புகைப்படத்துக்கு நன்று, பிள்ளைக்கு அவ்வளவில்லை.

பலித்த முயற்சிக்கு ஐஸ்லாந்து எடுத்துக்காட்டு. 1998இல் அங்கே 15–16 வயதினரில் 42 விழுக்காட்டினர் முந்தைய மாதத்தில் போதையேறக் குடித்திருந்தார்கள். 2016இல் அது 5 விழுக்காடு. அறிவுரை சொல்லி இதைச் சாதிக்கவில்லை. ஆண்டுதோறும் பள்ளிகளில் பெயர் கேட்காமல் கணக்கெடுத்தார்கள், அந்தந்த ஊரின் முடிவை அந்தந்த ஊருக்கே கொடுத்தார்கள். மாலை நேரத்தை விளையாட்டாலும் இசையாலும் நிரப்பினார்கள், கட்டணத்துக்கு நகராட்சியே பணம் தந்தது. பதினாறு வயதுக்குட்பட்டோர் இரவில் தனியே வெளியே திரிய நேர வரம்பு வைத்தார்கள். பிள்ளைகளோடு கூடுதல் நேரம் செலவிடப் பெற்றோர் கூடி ஒப்பந்தம் எழுதினார்கள். சிறிய, வசதியான நாடு என்பது உண்மை. ஆனால் பூட்டிக் கிடக்கும் பள்ளி மைதானத்தை மாலையில் திறக்கவும், பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாரிடமிருந்து மீட்கவும் பெரும் செல்வம் வேண்டியதில்லை.

சிகிச்சையிலும் வயது பார்க்க வேண்டும். சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடியை ஒழுக்கக்கேடாகப் பார்த்த காலத்தில் நோயாகப் பார்க்கவும் குடும்பத்தையும் சேர்த்துச் சிகிச்சை தரவும் கற்றுத்தந்தது. பதின்பருவத்தில் மருந்தைவிடப் பேச்சுக்கே முதலிடம். குற்றம் சுமத்தாமல், நிறுத்தவேண்டிய காரணத்தை அவன் வாயாலேயே சொல்லவைக்கும் ஊக்க ஆலோசனையும் குடும்ப ஆலோசனையுமே முதன்மை வழிகள். மனச்சோர்வும் கவனக்குறைவுக் கோளாறும் இருந்தால் அவற்றுக்கும் சேர்த்து மருத்துவம் வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சிறாரைப் பெரியவர்களோடு ஒரே வார்டில் வைக்கக் கூடாது என்கிறது. சுவரொட்டிகள் விற்கும் ‘தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும்’ மருந்துகளை எந்த வயதினருக்கும் கொடுக்காதீர்கள். அவற்றில் டைசல்ஃபிரம் இருந்து, அதன்மேல் மது விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

2019 கணக்கெடுப்பின் இன்னொரு எண்ணையும் இங்கே சொல்ல வேண்டும். குடிநோய் முற்றியவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றிருந்தார். பெரியவர்களே இப்படியென்றால் பதினாறு வயதுப் பையன் தானாக வந்து கதவைத் தட்டுவான் என்று காத்திருப்பது வீண். நாம்தான் போக வேண்டும். விபத்துக் காயத்தோடு வரும் பையனிடம் அரசு மருத்துவமனை மருத்துவர் குடி பற்றி இரண்டு கேள்வி கேட்பதும், பள்ளிதோறும் ஆலோசகர் இருப்பதும், குடிநோயாளி ஒருவரைச் சேர்க்கும்போது அவர் பிள்ளைகளையும் கூப்பிட்டுப் பேசுவதும் அடுத்த தலைமுறையின் நோயைத் தொடக்கத்திலேயே மறிக்கும் வேலைகள்.

உங்கள் வீட்டில் பதின்பருவப் பிள்ளை இருந்தால் இந்த வாரம் கேளுங்கள். சட்டைப்பையைத் துழாவாமல், வாயை மோந்து பார்க்காமல், நேராகக் கேளுங்கள். உண்மையைச் சொன்னால் அடிக்காதீர்கள். அடித்தால் அதுவே அவன் சொல்லும் கடைசி உண்மையாகிவிடும். சொல்வதைக் கேட்டு நிலைமை கைமீறுவதாகத் தோன்றினால் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416. இரண்டும் கட்டணமில்லாதவை.